போத்தலில் அடைபடாத சத்து

ஆனைமுகப் பெருமானின் திருவடியில் அமர்ந்திருக்கும் மூஞ்சூற்றைக் கைகூப்பி வணங்குகின்ற நாமே, நெல்மூடையைக் கடித்த எலியைக் கண்டால் தடியெடுத்துத் துரத்துகின்றோம். வீட்டு எலிக்கு நாம் அளிப்பது பொறியும் நஞ்சும். ஆயின், மனிதன் எதனை உண்ணல் வேண்டும், எவ்வளவு உழைத்தல் வேண்டும் என்னும் வினாக்களுக்கு இன்று நாம் அறிந்துள்ள விடைகளிற் பல, ஆய்வுகூடக் கூடுகளில் வாழ்ந்து மடிந்த வெள்ளெலிகள் நமக்கு ஈந்தவையாகும். இவ்வாரம் அவ்வெலிகளின் கதையைச் சிறிது பேசுவோம். அதற்குத் தக்க காரணமும் உண்டு.

சீனன்குடாவிலாயினும் திருகோணமலைப் பட்டினத்திலாயினும் இன்று ஒரு மருந்துக்கடையினுள் நுழைந்து பாருங்கள். நோய்க்கு மருந்து வாங்குவோர் ஒரு பக்கம் நிற்க, நோயற்றோர் மறு பக்கம் நிற்பர். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு மூளைக்கு வலுத்தரும் பாணி. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் இளைஞனுக்குப் பெரிய தகரப்பேணியில் புரதமா. நாற்பதைத் தாண்டிய தந்தைக்கு நாளுக்கொன்றாய் விழுங்கும் விற்றமின் குளிசை. இவற்றுக்காக மாதந்தோறும் செலவாகும் பணம், பல குடும்பங்களில் மரக்கறிக்கும் மீனுக்கும் ஒதுக்கிய பணத்திலிருந்தே எடுக்கப்படுகின்றது. அதே வீட்டில், “சோதனை நெருங்குகின்றது, பந்தடிக்கப் போகாதே தம்பி” என்று பிள்ளையை மேசையோடு கட்டிவைப்பதையும் காண்கின்றோம். சத்து போத்தலில் வருகின்றது. விளையாட்டு வாசலோடு நின்றுவிடுகின்றது. இக்கொடுக்கல் வாங்கல் இலாபமானதா? குளிசையும் விழுங்கி உடலையும் உழைக்கச் செய்தால் பயன் இருமடங்காகுமா? இவ்வினாக்களையே அறிஞர் எலிகளிடம் வினவினர்.

முதலில் உணவுச் சேர்க்கை என்பது எங்ஙனம் பிறந்தது என்று பார்ப்போம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஹொப்கின்சு என்னும் அறிஞர் இளம் எலிகளுக்குத் தூய்மையாக்கப்பட்ட புரதம், மாப்பொருள், கொழுப்பு, உப்புக்கள் ஆகியவற்றை மட்டும் ஊட்டினார். நூலறிவின்படி அவ்வுணவில் குறையொன்றும் இல்லை. எனினும் எலிகள் வளரவில்லை. அதே உணவுடன் நாளொன்றுக்கு இரண்டு மூன்று மில்லிலீற்றர் பால் சேர்த்தவுடன் அவை வளரத் தொடங்கின. 1912ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாய்வு, இன்று விற்றமின் என வழங்கும் உயிர்ச்சத்துக்கள் உண்டென்பதை நிறுவிய பெரும் சான்றுகளுள் ஒன்றாயிற்று. 1929இல் ஹொப்கின்சு நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரானார்.

இரண்டாவது கதை நமக்கு இன்னும் அணித்தானது. நீலகிரி மலைச்சாரலில் உள்ள குன்னூரில் றொபேட் மக்கரிசன் என்னும் வைத்திய அறிஞர் இந்திய நாட்டு மக்களின் உணவுகளை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். பஞ்சாபிச் சீக்கியர் உணவு ஒரு கூட்டிற்கு. பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளர் ஆகியோர் உணவுகள் வேறு கூடுகளுக்கு. சென்னை மாகாணத்தார் உணவு இன்னொன்றுக்கு. சில மாதங்களின் பின் நிறுத்துப் பார்த்தபோது, முழுக்கோதுமை ரொட்டி, வெண்ணெய், பால், பருப்பு, பச்சை மரக்கறி ஆகியவற்றை உண்ட சீக்கியக் கூட்டு எலி சராசரி 235 கிராம் இருந்தது. தீட்டிய அரிசிச் சோற்றை முதலாகக் கொண்டு, பால் அருகிய சென்னை உணவை உண்ட எலி 155 கிராமே இருந்தது. தமிழராகிய நமக்கு இது நாணமூட்டும் செய்தியே. ஆயின் குற்றம் தமிழர் சமையலில் இல்லை. தவிட்டை நீக்கித் தீட்டிய அரிசியிலும், அதற்குத் துணை நிற்கவேண்டிய பால், கீரை, பருப்பு முதலியவற்றின் குறைவிலுமே இருந்தது.

மக்கரிசன் தம் நாட்டாரையும் விட்டுவைக்கவில்லை. இங்கிலாந்தின் ஏழை மக்கள் உண்ட வெள்ளைப் பாண், மாஜரின், சீனியிட்ட தேநீர், தகரத்தில் அடைத்த இறைச்சி, சாம், அவித்த மரக்கறி ஆகியவற்றை ஒரு கூட்டத்து எலிகளுக்குக் கொடுத்தார். அவை வளர்ச்சி குன்றிப் பராமரிப்போரைக் கடிக்கத் தொடங்கின. அறுபதாம் நாளளவில் தம்முள் மெலிந்தவற்றைக் கொன்று தின்னவும் தலைப்பட்டன. 1936இல் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் அவர் இதனை எடுத்துரைத்தார்.

சீனன்குடாவில் வாழ்வோர்க்கு இச்செய்தி வெறுங்கதையன்று. குடாவின் கரையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இயங்கிவரும் பெரும் மாவாலையிலிருந்து செல்லும் கோதுமை மா, நாடெங்கும் பாணாகவும் ரொட்டியாகவும் உருமாறுகின்றது. கோதுமை மா பஞ்சகாலத்தில் நம் உயிர் காத்த பொருள். அதனைப் பழிப்பது நம் நோக்கமன்று. காலையில் பாணும் சம்பலும், மாலையில் ரொட்டியும் சீனித் தேநீரும், இடையில் பிஸ்கற்றும் என்று ஒரு நாளே மாவினாலும் சீனியினாலும் நிறைந்துவிட்டால், குன்னூர்க் கூட்டினுள் நாமே புகுந்து அமர்ந்தவர்கள் ஆவோம் என்பதையே நினைவூட்டுகின்றோம். மக்கரிசனுக்குப் பின் குன்னூரில் பணியேற்ற ஐக்ரோய்டும் அவருடன் உழைத்தோரும், அரிசியுணவுடன் கொழுப்பு நீக்கிய பால்மாவைச் சேர்த்தபோது எலிகளும் பிள்ளைகளும் நன்கு வளர்ந்ததைக் கண்டனர். எனவே இல்லாத இடத்தில் இட்ட சேர்க்கை பயன் தரும் என்பது ஐயமற்ற உண்மை. இருக்கின்ற இடத்தில் மேலும் இட்டால் என்னாகும் என்பதே நம் வினா.

இனி உழைப்பின் பக்கம் வருவோம். சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளை நம் மாணவர்கள் நன்கறிவர். இரண்டாம் உலகப் போருக்கு முன் ஆங்கிலேயர் கட்டிய அவற்றுட் பல, நெடுங்காலம் காடு மூடிக் கிடந்தன. தாங்கியில் எண்ணெய் நிறைந்திருப்பதால் மட்டும் கப்பல் நகர்வதில்லை. பொறியில் அது முறையாக எரிதல் வேண்டும். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் நிகழ்ந்த யப்பானிய விமானத் தாக்குதலில் தாங்கியொன்று பற்றி எரிந்ததே, அது எவர்க்கும் பயன்பட்ட எரிப்பன்று. நம் உடலிலும் இஃதே நியாயம். உணவு எரிபொருள். அதனை ஒட்சிசனின் துணைகொண்டு எரித்துச் சத்தியாக்கும் நுண்ணிய அடுப்புக்கள் நம் தசைக் கலங்களினுள் உள்ளன. அவற்றை இழைமணிகள் என்பர். உண்டதைச் சிதைத்தும் புதியன தொகுத்தும் உடல் நடத்தும் இவ்வரவு செலவு முழுவதற்கும் அனுசேபம் என்று பெயர். விரைந்து நடத்தல், ஓடல், நீந்தல், துவிச்சக்கரவண்டி மிதித்தல் ஆகிய, மூச்சு வாங்கியும் நெடுநேரம் தொடரக்கூடிய பயிற்சிகளிலே இவ்வடுப்புக்கள் மிகுதியாக வேலை செய்கின்றன.

1967இல் அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரில் ஹொலோசி என்னும் அறிஞர், ஓடுகின்ற பட்டையின்மேல் எலிகளை ஓடவைத்தார். சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டி, நாளுக்கு இரண்டு மணிநேரம் வரை பன்னிரண்டு வாரம் பயிற்றினார். பின்னர் அவற்றின் தசையை ஆராய்ந்தபோது, இழைமணிகளில் உள்ள சுவாச நொதியங்கள், சும்மா இருந்த எலிகளினதைவிட ஏறத்தாழ இருமடங்காகி இருந்தன. இதன் பொருள் யாது? ஓட்டம் எரிபொருளைச் செலவழிப்பதோடு நிற்பதில்லை. அடுப்புக்களையே புதிதாகக் கட்டுகின்றது. அடுப்புப் பெருகிய தசை குருதியிலுள்ள குளுக்கோசையும் கொழுப்பையும் எளிதில் எடுத்து எரிக்கும். நீரிழிவைத் தள்ளிவைக்கும் வழிகளுள் நடை முதன்மை பெறுவதற்கு இஃதொரு காரணம்.

இப்பொழுது இரண்டையும் இணைத்துப் பார்ப்போம். இத்தகைய ஆய்வில் எலிகளை நான்கு கூட்டமாகப் பிரிப்பர். முதலாவது கூட்டத்துக்குச் சேர்க்கையும் இல்லை, ஓட்டமும் இல்லை. இரண்டாவதற்குச் சேர்க்கை மட்டும். மூன்றாவதற்கு ஓட்டம் மட்டும். நான்காவதற்கு இரண்டும். விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் இந்நான்கு கூடுகளையும் மனத்தில் பதித்துக்கொள்ளல் நன்று. இரண்டும் பெற்ற எலியைச் சும்மா இருந்த எலியோடு மட்டும் ஒப்பிட்டு, “பார்த்தீர்களா, எங்கள் மாவின் மகிமை!” என்று கூறும் விளம்பரங்கள் பல. அந்நன்மை மாவினால் வந்ததா, ஓட்டத்தினால் வந்ததா என்பதை மூன்றாவது கூட்டைப் பார்த்தாலன்றி எவரும் சொல்ல இயலாது.

2008இல் ஸ்பானிய நாட்டின் வலன்சியா நகரத்து அறிஞர்கள், ஓடும் எலிகளுக்கு விற்றமின் சீ மிகுதியாகக் கொடுத்துப் பார்த்தனர். ஆறு வாரப் பயிற்சியின் பின், விற்றமின் பெறாத எலிகளின் தாங்குதிறன் பெரிதும் உயர்ந்தது. விற்றமின் பெற்ற எலிகளும் அதே ஓட்டத்தை ஓடியவையே. அவற்றின் உயர்வோ மிகச் சிறிது. புதிய இழைமணிகளைக் கட்டுவிக்கும் ஏவற்பொருள்கள் அவற்றின் தசையில் குன்றியிருந்தன. மறு ஆண்டு, 2009இல், ஜேர்மனியின் யேனா நகரத்து அறிஞர்கள் இளைஞர்களிடத்தில் இதே வினாவை எழுப்பினர். நாலு வாரப் பயிற்சியோடு சிலருக்கு நாளுக்கு 1000 மில்லிகிராம் விற்றமின் சீயும் 400 அலகு விற்றமின் ஈயும் கொடுத்தனர். பயிற்சியினால் இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மை உயர்ந்தது குளிசை பெறாதோரிடத்தில் மட்டுமே.

நல்ல சத்து தீமை செய்வது எப்படி? உழைக்கும் தசையில் ஒட்சிசன் எரியும்போது, துடுக்கு மிக்க சில ஒட்சிசன் வடிவங்கள் சிறிதளவில் பிறக்கின்றன. அளவு கடந்தால் அவை கலத்துக்குக் கேடு செய்வன என்பது உண்மையே. ஆனால் சிறிதளவில் அவை ஊர்க்காவலன் தட்டும் பறையை ஒத்தவை. “வேலை கூடிவிட்டது, அடுப்பைப் பெருக்குங்கள், காவலை வலுப்படுத்துங்கள்” என்று கலத்துக்கு அறிவிப்பன. விற்றமின் சீயும் ஈயும் ஒட்சியேற்றத்தைத் தடுப்பவை. அவற்றை அளவுமீறிக் கொட்டும்போது பறையொலி அடங்கிவிடுகின்றது, ஊர் உறங்கிவிடுகின்றது.

இதனைக் கேட்டவுடன் தோடம்பழத்தையும் கொய்யாவையும் வீட்டிலிருந்து விலக்கவேண்டா. வளர்ந்த ஒருவர்க்கு நாளுக்கு வேண்டிய விற்றமின் சீ ஏறத்தாழ 100 மில்லிகிராமே. யேனாவில் கொடுத்தது அதனைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. இருநூறு மில்லிகிராம் அளவைத் தரும் ஒரு கொய்யாப்பழம் நார்ப்பொருளையும் நீரையும் உடன்கொண்டே வருகின்றது. மேலும், அறிஞர் கூற்றில் ஒருபக்கத்தை மட்டும் சொல்வது முறையன்று. 2014இல் நோர்வேயில் நிகழ்ந்த ஆய்வில், குளிசை பெற்றோரின் தசையில் இழைமணி வளர்ச்சி குன்றியபோதிலும், ஒட்சிசனை உள்வாங்கும் உச்ச அளவும் ஓடும் திறனும் இருசாராரிடத்தும் ஒப்பவே உயர்ந்தன. கொழுப்பு மிகுந்த தீனியால் பருத்த எலிகளிடத்தில் சிலவகைச் சேர்க்கைகள் ஓட்டத்தோடு கூடி நன்மை செய்ததாகக் காட்டும் ஆய்வுகளும் உள. எனவே நாம் கொள்ளத்தக்க முடிபு இது: குறைபாடில்லாத உடலுக்குப் பேரளவிலான இவ்விற்றமின்கள் பயிற்சியின் பயனைக் கூட்டும் என்பதற்குத் தக்க சான்று இல்லை, தசையினுள்ளே சில பயன்களை அவை குறைக்கக்கூடும் என்பதற்குச் சான்று உண்டு.

எலிக்கு நேர்ந்தது நமக்கும் நேருமா என்று ஐயுறுவோர் அறிவுடையோரே. எலி தனக்கு வேண்டிய விற்றமின் சீயைத் தன் ஈரலிலேயே ஆக்கிக்கொள்ளும். நமக்கு அவ்வாற்றல் இல்லை. எலி தன் எச்சத்தையே தின்று விற்றமின் பீ பன்னிரண்டைப் பெற்றுக்கொள்ளும். அவ்வழி நமக்கு ஒவ்வாதது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. எலி இரவில் விழித்திருப்பது. பகலில் பட்டையின்மேல் ஏற்றி ஓட்டினால் அதன் அச்சமும் கணக்கில் சேர்ந்துவிடும். அளவும் அப்படியே. சிற்றுடல் கொண்ட எலியின் அனுசேபம், எடைக்கெடை பார்த்தால் நம்முடையதைவிட மிக விரைவானது. ஆதலால் ஒரு கிலோகிராம் எடைக்கு 100 மில்லிகிராம் என்று எலிக்குக் கொடுத்ததை, 60 கிலோகிராம் மனிதனுக்கு 6000 மில்லிகிராம் என்று பெருக்குதல் தவறு. ஏறத்தாழ 6.2ஆல் வகுத்தே மாற்றுவர்; அப்பொழுது அது 1000 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாக வரும். மாணவர்கள் கணக்கைத் தாமே செய்து பார்க்கட்டும். எலி வழியைக் காட்டும். வழிநடந்து பார்க்கவேண்டியவன் மனிதனே.

அவ்வாறு நடந்து பார்த்தோர் நம்மினத்தாரே என்பது மகிழத்தக்கது. சென்னையில் வைத்தியர் இராமச்சந்திரனும் அவர் குழுவினரும், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை எலிக்கூடுகளைப் போலவே நான்கு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இரண்டாவதற்கு நாளுக்கு அரைமணிநேர விரைந்த நடையும், சீனி, தீட்டிய தானியம், கொழுப்பு ஆகியவற்றைக் குறைத்து நார்ப்பொருளைக் கூட்டிய உணவும். மூன்றாவதற்கு மெற்போமின் என்னும் மருந்து. நான்காவதற்கு நடை, உணவு, மருந்து அனைத்தும். 2006இல் வெளிவந்த முடிவின்படி மூன்று ஆண்டுகளில் நீரிழிவுக்கு ஆளானோர், முதற்பிரிவில் நூற்றுக்கு 55.0, நடையும் உணவும் மேற்கொண்டோரில் 39.3, மருந்து பெற்றோரில் 40.5, அனைத்தும் பெற்றோரில் 39.5. உற்று நோக்குங்கள். நடையோடு மருந்தையும் சேர்த்தபோது மேலதிகமாக எதுவும் கிடைக்கவில்லை. மெற்போமின் சத்துக்குளிசையன்று, சோதிக்கப்பட்ட நன்மருந்து; நீரிழிவு வந்துவிட்டோர் வைத்தியர் சொற்படி அதனை உண்ணவே வேண்டும். அத்தகைய மருந்தே நடைக்கு மேல் ஒன்றும் கூட்ட இயலாதபோது, விளம்பரத்தின் வலிமையில் நிற்கும் போத்தல் எம்மாத்திரம்?

எனினும் எல்லாக் குளிசையும் வீணென்று எவரும் கருதிவிடலாகாது. கருவுற விழையும் பெண்களுக்கு போலிக்கமிலம் இன்றியமையாதது. பிள்ளையின் முள்ளந்தண்டுக் குறைபாட்டைத் தடுக்க அது பெரிதும் உதவுமென்பது 1991இல் உறுதியாயிற்று. குருதிச்சோகை உடையோர்க்கு இரும்புச்சத்து வேண்டும். மீனும் முட்டையும் பாலும் முற்றாக விலக்கிய தூய மரக்கறி உணவினர்க்கு விற்றமின் பீ பன்னிரண்டு வேண்டும். அது தாவரங்களில் இல்லை. விரதமும் சைவ உணவும் போற்றும் நம் வீடுகளில், முதியோர் கைகால் விறைப்பையும் மறதியையும் மூப்பென்று தள்ளாமல் வைத்தியரிடம் காட்டல் நன்று. இவையெல்லாம் குறையை அறிந்து நிரப்பும் சேர்க்கைகள். ஹொப்கின்சின் எலிக்கு ஊட்டிய பால் இவ்வகையைச் சார்ந்தது. குறையே இல்லாத இடத்தில், அயலார் வாங்கினார் என்பதற்காக வாங்குவது வேறு வகை.

பெற்றோர்க்கு ஒன்று கூறுவோம். பிள்ளைகளும் பதினேழு வயது வரையிலான இளையோரும் நாளொன்றுக்குச் சராசரி ஒரு மணிநேரமேனும் உடல் உழைக்க விளையாடல் வேண்டும் எனவும், வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான பயிற்சி செய்தல் வேண்டும் எனவும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. அந்த ஒரு மணிநேரத்தைப் பாடப்புத்தகத்துக்காகப் பறித்து, ஈடாக ஒரு கரண்டிப் பாணியை ஊட்டுவது நேரான பண்டமாற்றன்று. கரண்டியில் இருப்பது எரிபொருளின் ஒரு துளி. மைதானத்தில் கட்டப்படுவது அடுப்பு. மேசையோடு முடங்கி வளரும் பிள்ளை, சோதனையிற் சித்தியெய்தி உத்தியோகமும் பெற்று, நாற்பதாவது வயதில் நீரிழிவு மருத்துவமனையின் வாங்கில் காத்திருப்பதைக் காண எந்தத் தாய்க்கு மனம் வரும்?

வீட்டுத் தலைவியர்க்கும் ஒன்று. தகரப்பேணிக்குக் கொடுக்கும் பணத்தை ஒரு மாதம் எண்ணிப் பாருங்கள். அப்பணத்துக்குக் கூனியும் சூடையும் கீரியும், கௌபியும் பயறும், முட்டையும் எத்தனை நாளுக்கு வரும்? வேலியோரத்து முருங்கையிலை விலையின்றியே வரும். தவிடு நீக்காத சிவப்பரிசிச் சோறு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் குரக்கன் புட்டு, நாளும் ஒரு கீரைச்சுண்டல் என்று அடுக்களையைத் திருத்தினால், மக்கரிசன் கண்ட நல்ல கூடு நம் வீட்டிலேயே அமைந்துவிடும். வள்ளுவர் தம் நூலில் மருந்துக்கென்று ஓரதிகாரம் வகுத்தபோதும், அதிற் பெரும்பகுதியை முன்னுண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணும் நெறிக்கே ஒதுக்கினார் என்பதைத் தமிழறிந்தோர் அறிவர்.

மாணவர்களே, மாலை ஐந்து மணிக்கு வெயில் தணிகின்றது. குடாக்காற்று வீசத் தொடங்குகின்றது. அரைமணிநேரம் விரைந்து நடந்து வருவதற்குக் கட்டணம் இல்லை. வைத்தியர் துண்டும் வேண்டியதில்லை. பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நடக்கும்போது மூச்சுச் சற்று வாங்கவேண்டும். ஆயினும் பேச்சுத் தடைப்படலாகாது. அதுவே தக்க வேகத்துக்கு அளவு. தந்தையும் பிள்ளையும் பேசிக்கொண்டே நடக்கும் அந்த அரைமணிநேரத்தில் உடலுக்கு ஊறும் நன்மையை அளக்க நொதியங்கள் உண்டு. குடும்பத்துக்கு ஊறும் நன்மையை அளக்கும் கருவி எந்த ஆய்வுகூடத்திலும் இல்லை.